நாணயம் தேய்ந்தால் நட்டம் யாருக்கு?

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள். கையிலே புழங்கும் காசும் நாணயம். நடத்தையிலே விளங்கும் நேர்மையும் நாணயம். 'நாணயமான மனிதர்' என்று நம் ஊரார் ஒருவரைப் பாராட்டும்போது, அவர் மடியிலுள்ள காசை எண்ணிப் பார்த்துப் பாராட்டுவதில்லை. சொன்ன சொல் தவறாதவர், அளந்த அளவு குறையாதவர் என்பதற்காகவே பாராட்டுகின்றனர். இவ்விரு பொருளையும் ஒரே சொல்லிலே பொதிந்து வைத்த மக்கள், பணத்தின் இயல்பை நன்கு அறிந்தவர்களாகவே இருந்திருக்க வேண்டும். பணம் என்பது ஒரு வாக்குறுதி. வாக்குறுதியில் நேர்மை இல்லையேல் காசும் இல்லை, மாசற்ற வாழ்வும் இல்லை.

ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்துப் பாருங்கள், தோழர்களே! ரிசர்வ் வங்கியின் ஆளுநர் அதிலே கையொப்பமிட்டு, இதனை வைத்திருப்பவருக்கு 100 ரூபாய் தருவதாக உறுதி கூறுகிறார். 100 ரூபாய்த் தாளுக்கு 100 ரூபாய்! அந்த வாக்கிலே அவர் ஒருநாளும் தவறப் போவதில்லை. ஆனால், அந்த 100 ரூபாய்க்கு எத்தனை படி அரிசி, எத்தனை முழம் துணி, எத்தனை நாள் மருந்து என்பது பற்றி அந்தத் தாளில் ஓர் எழுத்தும் இல்லை. ஏழைக்குத் தேவையான வாக்குறுதி எதுவோ, அதுதான் அதிலே எழுதப்படவில்லை!

2025-ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்க டாலர் ஒன்றுக்கு 90 ரூபாய் என்னும் எல்லையையும் நம் பணம் தாண்டி இறங்கிற்று. அதற்கு நான்கு திங்களுக்கு முன், ஆகஸ்டில், நம் நாட்டுச் சரக்குகள்மீது அமெரிக்கா 50 விழுக்காடு வரி சுமத்தி, திருப்பூரின் பின்னலாடைத் தொழிலையும் கடற்கரையோரத்து இறால் வணிகத்தையும் கலங்க வைத்தது. மந்தம் வருமோ, வந்தால் ஆண்டுக் கணக்கில் நீடிக்குமோ என்னும் அச்சம் பெரிய நகரத்துப் பங்குச் சந்தையில் மட்டுமா எழுந்தது? திருப்பூருக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு, மாதாமாதம் வரும் பணத்தை எதிர்பார்த்திருக்கும் தஞ்சைத் தரணியின் குடிசைகளிலும் எழுந்தது.

இத்தகைய வேளைகளிலே இரண்டு குரல்கள் ஓங்கி ஒலிக்கும். "ரூபாய் வீழ்ந்தது, நாட்டின் மானம் வீழ்ந்தது!" என்பது ஒரு குரல். "இது சந்தையின் போக்கு, மழையும் வெயிலும் போல வரும், போகும், மனிதர் என்ன செய்ய இயலும்?" என்பது மற்றொரு குரல். முன்னது மானத்தின் பெயரால் பேசுகிறது. பின்னது விதியின் பெயரால் பேசுகிறது. இரண்டும் சேர்ந்து ஒரு கேள்வியை மூடி மறைக்கின்றன. நாட்டின் பணம் மதிப்பிழக்கும்போது, அந்த இழப்பை யார் சுமப்பது நீதி? இதுவே அந்தக் கேள்வி. இதைப் பொருளாதார வல்லுநர்களின் தனிச் சொத்தாக விட்டுவிட நமக்கு உரிமை இல்லை. இது கணக்குக் கேள்வி அன்று. அறத்தைப் பற்றிய கேள்வி.

ரூபாயும் ஒரு மரக்கால்

பணத்தைப் புரிந்துகொள்ள நமக்கு அயல்நாட்டு ஏடுகள் தேவையில்லை. மரக்கால் போதும். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளிலே 'ஆடவல்லான்' என்னும் மரக்கால் பேசப்படுகிறது. கோயிலுக்கு வரவேண்டிய நெல்லை இந்த மரக்காலால்தான் அளக்க வேண்டும், இது இராசகேசரி என்னும் மரக்காலோடு ஒத்தது என்று கல்லிலே வெட்டி வைத்தனர். அளவு குறைந்தால் வரவு குறையும் என்பது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆண்டவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஆண்டவன் பெயரால் வந்த நெல்லுக்கு அளவு கல்லிலே! அந்த நெல்லை விளைவித்தவனுக்குக் கிடைத்த கூலியின் அளவு எந்தக் கல்லிலே?

அந்தக் கேள்விக்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. வாங்குவதற்கு ஒரு மரக்கால், கொடுப்பதற்கு ஒரு மரக்கால் என்று வைத்திருந்த பண்ணைகள் காவிரிப் படுகையிலே இருந்தன. உழைத்தவன் விழிப்படைந்த 1940-களில், கீழத் தஞ்சையிலே எழுந்த கோரிக்கைகளுள் ஒன்று என்ன தெரியுமா? கள்ள மரக்கால் ஒழிய வேண்டும்; முத்திரை மரக்காலால் கூலி அளக்கப்பட வேண்டும் என்பது! கூலியை உயர்த்து என்று கேட்பதற்கு முன்பே, சொன்ன கூலியை ஒழுங்காக அள என்று கேட்க வேண்டிய நிலை. மரக்காலின் அடியிலே மெழுகைத் தடவினாலும், மட்டையை உட்புறம் சாய்த்து வழித்தாலும், குறைவது ஒரு கைப்பிடிதான். அந்த ஒரு கைப்பிடி பிள்ளையின் இரவுக் கஞ்சி.

ரூபாயும் ஒரு மரக்கால்தான். உழைப்பை அளந்து கொடுக்கவும், உணவை அளந்து வாங்கவும் சமுதாயம் செய்து வைத்த மரக்கால். காலையில் கூலி பேசும்போது ஓர் அளவும், மாலையில் கடைக்குப் போகும்போது வேறோர் அளவும் அதற்கு இருக்குமானால், இடையிலே குறைந்த கைப்பிடி எங்கே போயிற்று என்று கேட்பது பகுத்தறிவு. 'அது உன் தலையெழுத்து' என்று கூறுவது பழைய புரோகிதம். 'அது சந்தையின் கட்டளை' என்று கூறுவது புதிய புரோகிதம். மந்திரத்தின் மொழி மாறியிருக்கிறது. தட்சணை கொடுப்பவன் மாறவில்லை!

நிமிர்ந்து நின்ற ரூபாய்

'அப்படியானால் ரூபாய் இறங்காமல் நிமிர்ந்து நின்றாலே போதும், ஏழைக்கு வாழ்வு வந்துவிடும்' என்று சிலர் முடிவு கட்டக்கூடும். அந்த முடிவும் தவறு. நம் படுகையின் வரலாறே அதற்குச் சான்று.

1927-ஆம் ஆண்டு வெள்ளை ஏகாதிபத்தியம் சட்டம் இயற்றி, ரூபாய் ஒன்றுக்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று உறுதி செய்தது. முன்பு நெடுங்காலம் நிலவிய 1 ஷில்லிங் 4 பென்ஸைவிட இது உயர்ந்த மதிப்பு. ரூபாய் நிமிர்ந்து நின்றது. 1929-ல் உலகப் பெருமந்தம் மூண்டது. நெல் விலை சரிந்து, சில ஆண்டுகளிலேயே ஏறத்தாழப் பாதியாயிற்று. பர்மாவிலிருந்து வந்திறங்கிய மலிவான அரிசி அந்தச் சரிவை மேலும் ஆழமாக்கிற்று. ஆனால் கிஸ்தி இறங்கிற்றா? கடன் இறங்கிற்றா? வட்டி இறங்கிற்றா? இல்லை. அவை யாவும் ரூபாயிலே எழுதப்பட்டவை. ரூபாயோ நிமிர்ந்து நின்றது! 10 கலம் நெல்லை விற்றுக் கடன் தவணை கட்டியவன், அதே தவணைக்கு 20 கலம் விற்க வேண்டியவனானான். பத்திரத்திலே ஓர் எழுத்தும் மாறவில்லை. அவன் பட்ட கடன் இரட்டித்துவிட்டது.

இன்னொரு கொடுமையும் எண்ணிப் பார்க்கத் தக்கது. 1925-ல் தொடங்கப்பெற்ற மேட்டூர் அணை 1934-ல் முடிந்தது. காவிரியின் வெள்ளம் கட்டுக்குள் வந்தது, பாசனம் பெருகிற்று. தண்ணீர் இருந்தது, மண் இருந்தது, உழைக்கும் கைகள் இருந்தன. நெல்லுக்குத்தான் விலை இல்லை! பஞ்சம் என்றால் வானம் பொய்த்தது என்பார்கள். 'வருண ஜெபம் செய்யுங்கள்' என்பார்கள். இங்கே வானம் பொய்க்கவில்லை, ஆறு பொய்க்கவில்லை, வயல் பொய்க்கவில்லை. மனிதர் வகுத்த பணம் பொய்த்தது. விளைச்சலின் நடுவிலே வறுமை என்பதைவிட, வறுமை தெய்வத்தின் செயல் அன்று என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

1931 செப்டம்பரில் இங்கிலாந்து தன் பவுனைத் தங்கத்தின் பிணைப்பிலிருந்து விடுவித்துக் கொண்டது. தன் நலத்துக்கு ஏற்றபோது அதன் மதிப்பு இறங்க இடம் கொடுத்தது. நம் ரூபாயை மட்டும் பழைய விகிதத்திலேயே அந்தப் பவுனோடு பிணைத்து வைத்தது. தங்கத்தின் விலை ஏறிற்று; கடனில் மூழ்கிய குடியானவர் வீட்டுத் தாலியும் தோடும் வளையலும் விற்பனைக்கு வந்தன; உருக்கப்பட்ட தங்கம் கப்பலேறி இலண்டனுக்குப் போயிற்று. இதை வணிகத்தின் வெற்றி என்று பேசியவர்களும் உண்டு. வீட்டின் கூரையைப் பிரித்து விற்றவனைப் பார்த்து, 'நல்ல வியாபாரி' என்று பாராட்டுவதற்கு ஒப்பாகும் அது!

நாகையிலிருந்து கப்பலேறி மலேயா ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்ற நம் மக்களும் தப்பவில்லை. ரப்பர் விலை வீழ்ந்ததும் கூலி குறைக்கப்பட்டது. 1930-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டனர். இலாபம் இருந்தவரை அவர்கள் உழைப்பாளர். இலாபம் போனதும் பாரம்!

கசப்பான மற்றோர் உண்மையையும் கூறத்தான் வேண்டும். அதே ஆண்டுகளில் பர்மாவிலே கடன் கொடுத்தவர்களுள் முதன்மையானோர் நம் தமிழ் நாட்டுச் செட்டியார்கள். பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்கள் வசமிருந்த நிலம் 1930-ல் நூற்றுக்கு 6 பங்கு. 1937-ல் 25 பங்கு. பர்மிய உழவன் கட்ட இயலாத கடனுக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு நின்றான். இங்கே தமிழ் உழவன் எதனால் அழுதானோ, அங்கே பர்மிய உழவன் அதனாலேயே அழுதான். இனத்தை மட்டும் பார்ப்பவனுக்கு இது விளங்காது. நீதியைப் பார்ப்பவனுக்கு விளங்கும்.

1938-ல் சென்னை மாகாணத்திலே விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான், வட்டிப் பாக்கியால் நசுங்கியவர்க்கு மூச்சுவிட வழி செய்தது. ஆனால் சட்டத்தின் பார்வையில் விவசாயி என்பவர் நிலத்திலே உரிமையோ குத்தகையோ உள்ளவர். நாற்று நட்டவளும் கதிர் அறுத்தவனும் அந்தச் சொல்லுக்கு வெளியே நின்றனர்.

குனிந்த ரூபாய்

இனி மறுபக்கம் பார்ப்போம். 1965-லும் 1966-லும் நாட்டில் கடும் வறட்சி. 1965 போருக்குப் பின் அயல்நாட்டு உதவி நிறுத்தப்பட்டது. அமெரிக்கக் கோதுமையை எதிர்பார்த்து நாடு காத்திருந்தது. உலக வங்கியும் அமெரிக்காவும் நெருக்கின. 1966 ஜூன் 6-ஆம் நாள், இந்திரா காந்தி அவர்களின் அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. முதல் நாள் வரை டாலருக்கு 4.76 ரூபாய், மறுநாள் 7.50 ரூபாய். ஆளும் கட்சியின் தலைவராக இருந்த காமராசரே அதை எதிர்த்தார். அடுத்து வந்தது தொழில் மந்தம். விலைவாசியோ மந்தமாகவில்லை, விரைந்து ஏறிற்று.

ரூபாய் நிமிர்ந்து நின்ற 1930-களிலும் ஏழை வீழ்ந்தான். ரூபாய் குனிந்த 1966-லும் ஏழை வீழ்ந்தான். இதனை ஊன்றி நோக்குங்கள். முன்பு, விலை இறங்கிற்று, கடன் இறங்கவில்லை. பின்பு, விலை ஏறிற்று, கூலி ஏறவில்லை. காரணங்கள் எதிரெதிர், விளைவு ஒன்றே! ஏன்? ஒவ்வொரு முறையும், சுமையை எங்கே இறக்குவது என்று முடிவு செய்யும் இடத்திலே அவன் இல்லை.

1967 தேர்தலில் அறிஞர் அண்ணா ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்னும் இலட்சியத்தையும், ஒரு படி என்னும் உறுதியையும் மக்கள் முன் வைத்தார். படித்த பெருமக்களிலே பலர் நகைத்தனர்; 'அரிசிக் கணக்கா அரசியல்?' என்றனர். அண்ணா செய்தது என்ன? ரூபாயை டாலரால் அளக்காமல் அரிசியால் அளந்தார்! நாணயத்துக்குத் தங்கத்தின் பிணை தேடியவர் உண்டு, பவுனின் பிணை தேடியவர் உண்டு. படியரிசியின் பிணை வேண்டும் என்று ஏழையின் பக்கம் நின்று கேட்டவர் அவர். அந்த ஆண்டு மே திங்களில் சென்னையிலும் கோவையிலும் ஒரு படித் திட்டம் தொடங்கிற்று. நிதி நெருக்கடியால் நாடெங்கும் அதைக் கொண்டுசெல்ல இயலவில்லை என்பது மெய். ஆனால் அந்தக் கருத்து மடியவில்லை. 2008-ல் ஒரு ரூபாய்க்கு ஒரு கிலோ அரிசி வந்தது. 2011-ல் விலையில்லா அரிசி வந்தது. டாலர் 45 ரூபாயிலிருந்து 90 ரூபாய்க்குப் போன ஆண்டுகளிலே, நியாயவிலைக் கடையின் அரிசி தமிழ்நாட்டுக் குடும்பத்துக்கு இலவசமாகவே கிடைத்தது. 'இலவசத்தால் சோம்பேறியாகிறார்கள்' என்று ஏளனம் செய்வோர், தேய்ந்துகொண்டே போகும் மரக்காலுக்கு எதிராக எழுப்பப்பட்ட கரை அது என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

பெருமை பேசிவிட்டு நின்றுவிடலாகாது. 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. கூலியிலே அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட உழைப்பாளர்களின் சேரியிலே, பெண்களும் குழந்தைகளுமாக 44 உயிர்கள் ஒரு குடிசைக்குள் எரிந்து சாம்பலாயின. ரூபாயின் மதிப்புக் குறைப்பு அந்தத் தீயை மூட்டிற்று என்று நாம் கூறவில்லை. மூட்டியது நில ஆதிக்கமும் சாதி ஆதிக்கமும். ஆனால், பண்டம் எல்லாம் விலையேறிய அந்த ஆண்டுகளில், உழைப்பவன் தன் அளவு தேய்வதைக் கண்டு, அதைச் சரிசெய்யக் கேட்டது அரைப்படி. அதற்குக் கிடைத்த விடை தீ! நம் இயக்கம் ஆட்சிப் பொறுப்பிலிருந்த நாளிலேதான் அது நடந்தது என்பதையும் மறைத்துப் பயனில்லை. 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 44 உயிர்களுக்குப் பிறகு வந்தது.

மானமும் விதியும்

இந்த இரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், தொடக்கத்தில் நாம் குறிப்பிட்ட இரு குரல்களும் வெறும் மூடநம்பிக்கைகளே என்பது விளங்கும்.

ரூபாயின் உயரத்திலே நாட்டின் மானம் இருக்கிறது என்பது முதல் மூடநம்பிக்கை. அப்படியானால் 1930-களில் நாம் மானத்தின் உச்சியில் அல்லவா இருந்திருக்க வேண்டும்? அண்ணல் அம்பேத்கர் 1923-ல் ரூபாயின் பிரச்சினையைப் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். பின்னர் நாணய விசாரணைக் குழுவின் முன் சாட்சியும் அளித்தார். மதிப்பு இறங்கினால் நாட்டுக்கே ஆதாயம் என்று வணிகப் பெருமக்கள் வாதாடிய காலம் அது. அந்த ஆதாயம் வெளிநாட்டிலிருந்து வந்து குதிப்பதன்று. நாட்டுக்குள்ளேயே ஒரு வகுப்பாரின் கையிலிருந்து இன்னொரு வகுப்பாரின் கைக்குப் போவது. விலையேறும் வேகத்துக்குக் கூலி ஏறாததால் உழைப்பாளியிடமிருந்து கழிக்கப்படுவது என்று எடுத்துக் காட்டினார் அவர். நூறாண்டு கழிந்தும், நாட்டுக்கு ஆதாயமா, நட்டமா என்று பட்டிமன்றம் நடத்துகிறோமே தவிர, நாட்டில் யாருக்கு என்று கேட்கத் தயங்குகிறோம்.

இன்றும் நம் ஊரின் ஒரே தெருவைப் பாருங்கள். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ பிள்ளை இருக்கும் வீட்டுக்கு, ரூபாய் இறங்கினால் வரவு கூடுகிறது. எதிர் வீட்டில் குத்தகைக்குச் சாகுபடி செய்பவனுக்கு, அயல்நாட்டிலிருந்து வரும் பொட்டாஷ் விலை கூடுகிறது. அறுவடை எந்திரத்துக்கு ஊற்றும் டீசல் விலை கூடுகிறது. கப்பலில் வரும் பாமாயில் அவன் அடுப்படியிலே விலை கூடி நிற்கிறது. ஒரே ரூபாய், ஒரே இறக்கம், ஒரு வீட்டிலே பொங்கல், மறு வீட்டிலே பொருமல். இதிலே நாட்டின் மானம் எந்த வீட்டிலே குடியிருக்கிறது?

இது இயற்கை, யாராலும் தடுக்க இயலாது என்பது இரண்டாவது மூடநம்பிக்கை. 1927-ல் விகிதம் வகுத்தது வானமா? 1966-ல் 4.76-ஐ 7.50 ஆக்கியது வால் வெள்ளியா? 1991 ஜூலையில் இருமுறை மதிப்பைக் குறைத்து, 47 டன் தங்கத்தை அயல்நாட்டு வங்கிகளில் அடகு வைக்க அனுப்பியது ஏழரைச் சனியா? எல்லாம் மனிதர் எடுத்த முடிவுகள். இன்று சந்தையே மதிப்பை நிர்ணயிக்கிறது என்றாலும், எதை இறக்குமதி செய்வது, யாருக்கு வரி போடுவது, எந்தக் கடனைத் தள்ளுவது, எந்தக் கூலியைக் காப்பது என்பவை அனைத்தும் மனிதர் எடுக்கும் முடிவுகளே. புயல் வருவது இயற்கை. யார் வீடு ஓட்டு வீடு, யார் வீடு ஓலை வீடு என்பது இயற்கையா?

பாக்கு நீரிணைக்கு அப்பால் நடந்ததை நாம் கண்ணாரக் கண்டோம். 2021-ல் இலங்கை அரசு இரசாயன உரத்துக்குத் திடீரென்று தடை விதித்தது; விளைச்சல் சரிந்தது. 2022 மார்ச்சில் இலங்கை ரூபாய் பிடி தளர்ந்தது. டாலருக்கு 200 என்றிருந்தது, மே திங்களுக்குள் 360 அளவுக்குப் போயிற்று. ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட இயலாது என்று அரசு அறிவித்தது. மலையகத் தேயிலைத் தோட்டங்களில், பல்லாண்டு போராடி 2021-ல்தான் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் கூலி பெற்றனர் நம் தமிழ்த் தொழிலாளர். அந்த 1,000 ரூபாய் கைக்கு வந்து ஓராண்டு கடந்த சிறிது காலத்திலேயே அதன் டாலர் மதிப்பு ஏறத்தாழப் பாதியாயிற்று. சந்தையிலே மாவும் எண்ணெயும் எட்டாத உயரத்துக்குப் போயின. அவர்கள் உரத்தைத் தடை செய்தார்களா? அயல்நாட்டிலே கடன் வாங்கினார்களா? கொய்த தேயிலையை விற்று நாட்டுக்கு டாலர் ஈட்டித் தந்தவர்களே அவர்கள்! ஈட்டியவர்க்குப் பட்டினி, இழந்தவர்க்குப் பதவி. அந்த மார்ச்சிலே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு படகேறித் தனுஷ்கோடிக் கரையிலே வந்திறங்கிய தமிழர்களின் முகத்திலே, நாணயம் வீழ்வது என்றால் என்ன என்பது எழுதியிருந்தது. தமிழ்நாடு அரசு 40,000 டன் அரிசி அனுப்ப முன்வந்தது. எந்த இனத்தவர் என்று பாராமல் இலங்கை மக்கள் அனைவருக்கும் அனுப்பிற்று. அதுவே நாணயம்.

அரைப்படியும் அகவிலைப்படியும்

"எல்லாம் சரி, இழப்பு வந்தால் யாராவது சுமந்துதானே ஆக வேண்டும்? நாடு கெடும்போது எல்லோரும் தியாகம் செய்ய வேண்டாமா?" என்று கேட்பர். செய்ய வேண்டும்தான். ஆனால் தியாகம் என்பது இருப்பவன் விட்டுக்கொடுப்பது. இல்லாதவனிடமிருந்து எடுப்பதற்குத் தமிழில் வேறு பெயர் உண்டு.

"கூலியை விலைவாசியோடு பிணைத்தால், கூலி ஏற ஏற விலை ஏறும், விலை ஏற ஏறக் கூலி ஏறும், முடிவே இராது" என்று இன்னொரு வாதம் உண்டு. இதை நாம் அலட்சியமாகத் தள்ளவில்லை. இதிலே ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் மாதச் சம்பளம் பெறும் நாம் நம்மையே கேட்டுக்கொள்வோம். விலைவாசிக் குறியீடு ஏறினால் ஆண்டுக்கு இருமுறை நமக்கு அகவிலைப்படி ஏறுகிறது. அப்போது இந்த வாதம் எங்கே போயிற்று? நாம் ஊர்வலம் போய்க் கேட்கும் போது அது உரிமை. வயலில் நிற்பவள் கேட்கும் போது அது நாட்டைக் கெடுக்கும் விலையேற்றமா? அவர்கள் கேட்டது அரைப்படி. நாம் பெறுவது அகவிலைப்படி! குறைந்தபட்சக் கூலி சட்டப் புத்தகத்திலே உண்டு. ஆனால், விலை ஏறியதும் யாரும் கேளாமலே வந்து சேரும் படி, அலுவலகத்தின் படிக்கட்டு வரை வருகிறது. வரப்பு வரை வருவதில்லை. நமக்கு வருவதை நிறுத்துங்கள் என்று நாம் கூறவில்லை. நமக்கு எது நீதியோ, அது அவர்களுக்கும் நீதி என்று கூறத் துணிவு வேண்டும் என்கிறோம். அந்தத் துணிவு இல்லாதவன் பேசும் சமதர்மம் மேடையோடு முடிந்துபோகும்.

1930-களின் கிஸ்தி இன்று வேறு உடையிலே வருகிறது. நம் சிற்றூர்ப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கும் நுண்கடனின் வாரத் தவணைதான் அது. மந்தம் வந்தால் வேலை நாள் குறையும். தவணை நாள் குறையாது. வருமானம் பாதியானாலும் வட்டி முழுதாக நிற்கும். பாட்டனைக் கிஸ்தி நசுக்கியது போலப் பேத்தியைத் தவணை நசுக்குகிறது. கடன் வசூலில் நடக்கும் கொடுமையைத் தடுக்க 2025-ல் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டம் இயற்றியது வரவேற்கத்தக்கது. வசூலிப்பவரின் நாவை அது அடக்கும். மந்த காலத்திலே தவணையையே தள்ளி வைக்கும் சட்டமும் வேண்டும்.

தங்கத்தைப் பற்றியும் ஒரு சொல். அட்சய திருதியை அன்று பொட்டுத் தங்கம் வாங்கினால் செல்வம் பெருகும் என்று நகைக்கடையும் சோதிடமும் கூட்டு வைத்து முரசறைகின்றன. நாம் வாங்கும் தங்கத்தில் பெரும்பகுதி இறக்குமதி. அதற்கு டாலர் கொடுத்தாக வேண்டும். டாலர் போகப் போக ரூபாய் தேயும். செல்வம் பெருக வாங்கியது, செல்வத்தின் அளவுகோலையே தேய்க்கிறது! இந்த மூடத்தனத்தை நாம் கண்டிக்கிறோம். ஆனால் கழுத்திலே அரைச் சவரனை வைத்திருக்கும் உழைக்கும் பெண்ணை நாம் நகையாட மாட்டோம். வங்கி கைவிட்டாலும், மழை கைவிட்டாலும், கணவன் கைவிட்டாலும் அவளுக்குக் கைகொடுப்பது அது ஒன்றே. 1991-ல் நாடே தன் தங்கத்தை அடகு வைத்துத்தானே மூச்சு விட்டது? அவளுக்கு வேறு காப்பு ஒன்றைச் சமுதாயம் அமைத்துக் கொடுக்கட்டும். அப்போது அட்சய திருதியைக்கு ஆள் இராது.

ஆக, நாம் கேட்கும் நீதி மூன்று. முடிவு எடுத்தவரும், நல்ல காலத்தில் ஆதாயம் கண்டவரும் முதலில் சுமக்கட்டும், இது ஒன்று. ரூபாய் எவ்வளவு தேய்ந்தாலும், உழைப்பவன் வயிற்றுக்குரிய அளவு தேயாதிருக்கட்டும், கூலியைப் பணத்திலே பேசினாலும், நெல்லிலே நிறுத்துப் பார்க்கட்டும், இது இரண்டு. சுமை எங்கே இறக்கப்படுகிறது என்னும் கணக்கு, ஏழைக்கும் விளங்கும் மொழியிலே வெளிச்சத்துக்கு வரட்டும், இது மூன்று. இவற்றைச் செய்ய நாடு செல்வத்திலே மிதக்க வேண்டியதில்லை. பட்டினியைப் பங்கிடும் நாளிலேயே நீதியின் தேவை மிகுதி. பந்தியிலே சோறு நிறைய இருக்கும்போது பரிமாறுபவனின் நடுவுநிலைமை யாருக்குத் தெரியும்? பானை வற்றும்போதுதான் தெரியும்.

இளைஞர்களுக்கு இதிலே வேலை இருக்கிறது. ஊர்தோறும் படிப்பகங்கள் உள்ளன. அங்கே மாலையில் கூடும் தோழர்கள் ஒரு கரும்பலகையை எடுக்கட்டும். நம் ஊரில் நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுப்புக்கும் பத்தாண்டுக்கு முன் என்ன கூலி, இன்று என்ன கூலி என்று எழுதட்டும். அந்தக் கூலிக்கு அன்று எத்தனை கிலோ அரிசி, எத்தனை லிட்டர் எண்ணெய், இன்று எத்தனை என்று பக்கத்திலே எழுதட்டும். ஆண்டுதோறும் எழுதட்டும். டாலரின் விலையைப் பார்த்துப் பதறுவதைவிட, அந்தப் பலகையைப் பார்த்துச் சிந்திப்பது பயன் தரும். பெரிய கோயில் கல்லிலே இடம் பெறாத அளவு, நம் படிப்பகத்துப் பலகையிலாவது இடம் பெறட்டும். கேட்க வருபவர்கள் வரட்டும். கேளாதவர் வீட்டுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு நாம் போவோம்.

ரூபாய் நாளை ஏறலாம், மறுநாள் இறங்கலாம். மந்தம் வரலாம், நீடிக்கலாம், நீங்கலாம். அவற்றையெல்லாம் முற்றிலும் தடுக்கும் ஆற்றல் நம் கையில் இல்லாமற் போகலாம். ஆனால் வந்த இழப்பை இளைத்தவன் முதுகிலே ஏற்றுவதா, இருப்பவன் தோளிலே வைப்பதா என்பது நம் கையில் இருக்கிறது. காசு நாணயம் தேயும் காலத்திலேதான், ஒரு சமுதாயத்தின் மற்ற நாணயம் உரைத்துப் பார்க்கப்படுகிறது. அந்த உரைகல்லிலே நாம் தேய்ந்து போகாதிருப்போமாக!